நாலு ஜிபியில் அடங்கிய குரல்

என் கம்ப்யூட்டருக்கு என் கல்யாண வாழ்க்கையை விட வயது அதிகம். இரண்டில் எது என் உயிரை அதிகமாக வாங்கியது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். சின்னமனூர் மெயின் ரோட்டில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேலே மாடியில் எனக்கு ஒரே ஓர் அறை. சுவரெல்லாம் பழைய போர்வையும் முட்டை அட்டையும், நடுவில் ஒரு மைக், மூலையில் அந்தக் கம்ப்யூட்டர். வெளியே போர்டில் 'சொர்ணலதா ஆடியோஸ்' என்று எழுதியிருக்கிறது. ஸ்டுடியோ என்று போட்டால் ஏறி வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்று அந்தச் சொல்லை நானே விட்டுவிட்டேன்.

ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஓட்டுகிறார்களே, அந்த விளம்பரங்களைப் பேசிப் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, உரக்கடை திறப்பு விழா, இரங்கல் அறிவிப்பு, காணாமல் போன சினை ஆடு என்று எல்லாமே என் குரலில்தான் ஓடும். மார்க்கையன்கோட்டையில் இருந்து உத்தமபாளையம் வரை என் முகம் தெரியாதவர்கள் நிறையப் பேர். குரல் தெரியாதவர்கள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

இந்தப் பக்கத்தில் என் குரலை அடிக்க ஒரே ஒரு குரல்தான் இருந்தது. அதற்கு மைக் கூடத் தேவையில்லை. வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறும் பங்கிராஸ் அண்ணனின் குரல் அது. காலையில் தார்களை வரிசையாகச் சாய்த்து வைத்து அவர் விலை கூற ஆரம்பித்தால், அந்தச் சத்தம் இரண்டு தெரு தாண்டி, என் முட்டை அட்டைகளையும் தாண்டி வந்து மைக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை நகைக்கடை விளம்பரம் ஒன்றில் நான் குழைந்து குழைந்து சிறப்புச் சலுகை என்று முடிக்க, பின்னால் 'பூவன் தாரு, பூவன் தாரு' என்று அவர் குரல் விழுந்துவிட்டது. நானும் கவனிக்காமல் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் ஊரெல்லாம் அது ஓடியது. சண்டை போடுவதற்கென்றே மண்டிக்குப் போனேன். அவர் ஏலத்தை நிறுத்தாமலே என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த தாருக்கு நகர்ந்துவிட்டார். கூட்டம் சிரித்தது. கோபமாகப் போன நானும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

அதே பங்கிராஸ் அண்ணன் போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை என் மாடிப்படி ஏறி வந்தார். கூடவே அவர் மனைவி ரோசம்மாள். பங்கிராஸை அண்ணன் என்பதால் ரோசம்மாள் எனக்கு மதினி. இருவருக்கும் ஊர் இராயப்பன்பட்டி. அண்ணன் இரண்டு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். வந்து உட்கார்ந்ததும் மதினிதான் பேசினார்.

தொண்டையில் புற்றுநோய். மதுரையில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டால் உயிர் தப்பும் என்கிறார்கள். ஆனால் குரல் போய்விடும். கழுத்தில் ஒரு துளை வைத்து அது வழியாகத்தான் இனி மூச்சே. பிறகு கருவி வைத்துப் பேசப் பழகலாம், ஆனால் அது இந்தக் குரலாக இருக்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகள் எஸ்தர், குவைத்தில் நர்ஸ். அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். செல்போனில் ஏற்றும் ஓர் ஆப், திறந்தால் பொத்தான் பொத்தானாக வரும். ஒவ்வொரு பொத்தானிலும் அப்பாவின் குரலில் ஒரு வாக்கியம் ஏற்றி வைக்கலாம், தேவைப்படும்போது தொட்டால் பேசும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவும் நல்ல யோசனை என்றாராம். ஆனால் வெளிச்சத்தம் இல்லாமல் துல்லியமாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வெளியிடத்தில் ஒன்றும் கேட்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டிலேயே போனில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மதினி அதைப் போட்டுக் காட்டினார். கோழி கத்துகிறது, பக்கத்து வீட்டு டிவி ஓடுகிறது, அண்ணன் கிணற்றுக்குள் இருந்து பேசுகிறார்.

"சத்தம் போடுற மனுசன், சொர்ணம்," என்றார் மதினி. "சத்தமில்லாத வீட்ல எனக்கு இருக்கத் தெரியாது. இவுக பேச்சக் கொஞ்சம் எடுத்துக் குடு."

நான் உடனே வாயைக் கொடுத்தேன். கவலையே படாதீர்கள், கண்ணாடி மாதிரி எடுத்துத் தருகிறேன் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் பதிவு செய்யும் சாஃப்ட்வேரைப் புதுசாக மாற்றியிருந்தேன். இரைச்சலைத் தானாகவே துடைத்து எடுக்கும் வசதி அதில் உண்டு. அதன் விளம்பர வீடியோவில் ஒருவர் அருவிக்குப் பக்கத்தில் நின்று பேசுவார், ஒரு பொத்தானைத் தட்டியதும் அருவி இருக்கிற இடம் தெரியாமல் போய்விடும். பஸ் ஹாரனுக்கும் காயில் கடைக்கும் நடுவில் பிழைப்பு நடத்துகிற எனக்கு அது போதாதா? ஏற்றும்போது எட்டு ஜிபி ராம் வேண்டும் என்று ஒரு கட்டம் வந்து நின்றது. என் கம்ப்யூட்டரில் இருந்தது நாலு. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், சரி என்பதைத் தட்டிவிட்டேன். அரை நிமிஷ விளம்பரத்துக்கு முக்கி முனகி ஓடியதால் பிறகு அதை நினைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தார்கள். அண்ணனுக்குக் காலையில் கொஞ்ச நேரம்தான் குரல் நன்றாக இருக்கும், போகப் போகக் கட்டிவிடும். அதனால் நேரத்தை வீணாக்காமல் ஹெட்போனை மாட்டி மைக் முன்னால் உட்கார வைத்தேன். மதினி மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில். முதல் வாக்கியம், ரோசி தண்ணி கொண்டா. சொன்னார். நான் திருப்பி ஓட விட்டேன்.

பாதி இல்லை. 'ரோ' இருந்தது, 'தண்' இருந்தது, 'டா' இருந்தது, நடுவில் எல்லாம் படக் படக் என்று ஓட்டை. மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை ஓட்டைகள் வேறு இடத்தில் விழுந்தன. அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். தொண்டையில் கை வைத்துப் பார்த்தார்.

"போயிருச்சா?" என்று மதினியிடம் கேட்டார்.

அண்ணே, குரல் நன்றாக இருக்கிறது, மிஷின்தான் கோளாறு என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. இத்தனை வாரமாகக் குரல் கரகரத்து, உடைந்து, காற்றாகப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தவர். நோய்க்காரனைத் தேற்றுவதற்காக நான் பொய் சொல்கிறேன் என்றே நினைத்தார்.

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். ஓடுகிற மற்ற புரோகிராம்களை மூடினேன். கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் அளவு உண்டு, அதைக் கூட்டினால் அதற்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். கூட்டினேன். ஓட்டை குறைந்தது. ஆனால் அண்ணன் பேசுவது அவர் காதுக்கே தாமதமாகத் திரும்பி வந்தது. தன் பேச்சே தன்னைத் துரத்திக்கொண்டு வந்தால் யாருக்கும் நாக்குக் குழறும். வாழ்நாளெல்லாம் ஒரு திக்கல் இல்லாமல் ஏலம் கூறிய மனிதர் 'ரோ, ரோ, ரோசி' என்று திக்கினார். பதறிப்போய் ஹெட்போனைப் பிடுங்கினேன். அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் மொத்தமாக நின்றது. திரையில் அந்தச் சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அது திரும்பி வருவதற்குள் அண்ணனிடம் வெறும் காற்றுதான் மிச்சம்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மதினி தலையாட்டினார். இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரின் தலையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். கை வலித்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு தேனியில் இருக்கும் சுரேஷ்கண்ணனுக்கு போன் போட்டு, இருந்த ஆத்திரத்தை எல்லாம் அவன் மேல் கொட்டினேன். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், இந்தப் பெட்டியை எனக்குக் கொடுத்தவனும் அவன்தான். கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தான்.

"அது கேக்குறது எட்டு, உங்கட்ட இருக்குறது நாலு. அந்த மதர்போர்டுல நாலுக்கு மேல ஏத்தவே முடியாதுக்கா," என்றான்.

புதுப் பெட்டி மதுரையில் இருந்து வந்து சேர செவ்வாய்க்கிழமை ஆகிவிடும். செவ்வாய்க்கிழமை எனக்கு எதற்கு? தேனியில் பெரிய ஸ்டுடியோ ஒன்று உண்டு, ஆடித் திருவிழாப் பாட்டுகளுக்காக ஞாயிறு வரை இடமில்லை என்றார்கள். பக்கத்து நெட் சென்டரில் கேட்கலாம் என்றால் அங்கே இருப்பவை என் கம்ப்யூட்டருக்கு அண்ணன்மார்கள். கடைசியில் சுரேஷ்கண்ணன் இரண்டு வழி சொன்னான். ஒன்று, பழைய சாஃப்ட்வேருக்கே போய்விடுவது, ஆனால் அதில் இரைச்சல் துடைக்கிற வசதி இல்லை. இரண்டாவது, ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் கொடுப்பது. ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு, அதை மட்டும் துடைக்கச் சொல்வது. மெதுவாகச் செய்யும், ஆனால் செய்யும் என்றான்.

எனக்கு இரண்டாவது பிடித்தது. நான் வாக்குக் கொடுத்தது கண்ணாடி மாதிரி அல்லவா. காலையில் எடுத்ததில் தப்பித் தவறி முழுசாக விழுந்த ஒரு வாக்கியம் இருந்தது. அதைத் துடைக்கப் போட்டேன். கீழே போய் டீ குடித்தேன், காயில் கடை முத்துப்பாண்டியிடம் மோட்டார் சத்தத்துக்காக வழக்கமான வாய்ச்சண்டையைப் போட்டேன், திரும்பி வந்தபோதும் அது துடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு வழியாக முடித்தது. கேட்டுப் பார்த்தேன். பஸ் இல்லை, மோட்டார் இல்லை, ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. அண்ணன் குரல் மட்டும் தனியாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலையில் அவர்கள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைத்தான் போட்டேன். ரோசி, கதவத் தொற. அவ்வளவுதான் வாக்கியம். மதினியின் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு இது?" என்றார்.

அண்ணன்தான், சத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டேன், அதனால் அப்படி இருக்கிறது என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இது அவர் இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ராத்திரி தூங்காமல் இதையே நினைத்துக்கொண்டு கிடந்தவள் நான். நோயாளியின் வீட்டுக்காரி என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, துடைப்பதற்கு முன் இருந்ததைப் போட்டேன். இதைக் கேட்டால் வித்தியாசம் தெரியும் என்று நினைத்தேன்.

தெரிந்தது. எனக்குத்தான் தெரிந்தது. அதில் பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு செருமல். பிறகு மூக்குக்குள்ளேயே ஒரு 'ம்'. அதற்குப் பிறகுதான் ரோசி, கதவத் தொற. சாஃப்ட்வேர் பஸ் ஹாரனைத் துடைத்த கையோடு அந்தச் செருமலையும் இரைச்சல் என்று வழித்து எறிந்திருந்தது.

"இந்தச் செருமலு எங்க போச்சு?" என்று கேட்டார் மதினி. "செருமாம இவுக ஒருநாளும் வாசப்படி ஏறுனதில்ல. அது காதுல விழுந்தாத்தான் நான் எந்திரிச்சுத் தட்ட எடுப்பேன். அதப் போயி எடுத்துட்டியே."

எங்கள் பக்கத்தில் ஆண்கள் வீட்டுக்குள் திடுதிப்பென்று நுழைய மாட்டார்கள். வாசலில் நின்று ஒரு செருமு செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். உள்ளே இருக்கிற பெண்களுக்கு அதுவே சேதி. என் அப்பாவும் அப்படித்தான். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். இத்தனை வருஷம் கேட்டும் அதை நான் ஒரு பேச்சாகவே கணக்கில் வைக்கவில்லை. எங்கேயோ உட்கார்ந்து இந்தச் சாஃப்ட்வேரைச் செய்தவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. எட்டு ஜிபி எதற்காகத் தேவைப்பட்டதோ அந்த வேலையே வேண்டாம் என்றால் என் நாலு ஜிபி போதுமே. என் பெட்டியால் முடியாத காரியம் எதுவோ அது இந்த வீட்டுக்குத் தேவைப்படாத காரியமாகவும் இருந்தது. புதுச் சாஃப்ட்வேரை அங்கேயே நீக்கினேன். பென் டிரைவில் கிடந்த பழையதை ஏற்றினேன். அது ஒரு ஜிபி இருந்தாலே ஓடும். நெட் கேபிளைப் பிடுங்கினேன், ஆன்டிவைரஸை நிறுத்தினேன், ஹெட்போனைத் தொடவே இல்லை. சோதித்துப் பார்க்க நானே பத்து வரி மூச்சுவிடாமல் பேசினேன். ஒரு ஓட்டை இல்லை.

மிச்சம் இருந்தது வெளிச்சத்தம். செருமல் வேண்டும், மோட்டார் வேண்டாம். அதற்கு என்னிடம் ஒரே வழிதான் இருந்தது. கீழே இறங்கி முத்துப்பாண்டியிடம் போனேன். முந்தின நாள் அவரை நான் பேசிய பேச்சுக்கு அவர் நியாயமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"யாருக்கு? நம்ம ஏலக்காரருக்கா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார். சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்த மோட்டார் இழுத்து இழுத்து நின்றது. அதோடு விட்டாரா, ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டார். பஸ் வந்தால் டிரைவரைப் பார்த்து ஹாரன் வேண்டாம் என்று கையை ஆட்டினார், பாட்டுப் போட்டு வந்த ஆட்டோவை நிறுத்தித் தணிக்கச் சொன்னார். விவரம் கேட்டுத் தெரிந்துகொண்ட டிரைவர்கள் அடுத்த டிரைவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கம்பம் பஸ்களே எங்கள் கட்டடத்தைப் பூனை மாதிரிக் கடந்தன. அன்றைக்கு எட்டு ஜிபியின் வேலையை முத்துப்பாண்டியின் இரண்டு கைகள் பார்த்தன. அவரை நான் இதுவரை திட்டிய திட்டுகளை எல்லாம் அந்த ஜன்னலில் நின்று மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மைக்கை அண்ணனின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அறை அடுப்பு மாதிரிக் கொதித்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மதினி முந்தானையால் அவருக்கு விசிறினார். முதலில் எடுத்ததை ஓட விட்டேன். செருமல், 'ம்', ரோசி தண்ணி கொண்டா. முழுசாக வந்தது. அண்ணன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இருக்கிறது என்று அப்போதுதான் நம்பினார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

எதை எடுப்பது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டையே வந்தது. அண்ணன் சாப்பாடு, மாத்திரை, வலிக்கிறது, வலிக்கவில்லை என்று அவசியமானதை மட்டும் சொன்னார். மதினிக்கு அது போதவில்லை. வைகிறதும் வேண்டும் என்றார். வையாமல் இருந்தால் வீட்டில் வேறு யாரோ இருப்பது போல் ஆகிவிடுமாம். சரி என்று அண்ணன், நாயை அவிழ்த்துவிட்டதற்கு ஒன்று, குழம்பில் உப்புக் கூடியதற்கு ஒன்று, விளக்கை அணைக்காமல் போனதற்கு ஒன்று என்று வைது கொடுத்தார். உப்புக்கு வைதபோது மதினி பின்னால் இருந்து எந்நாள் கூடியது என்று பதிலுக்குக் கேட்க, அதுவும் பதிவாகிவிட்டது. அழிக்கட்டுமா என்றேன். இருவருமே வேண்டாம் என்றார்கள்.

ஆசைப்பட்டு ஒரே ஒரு ஏலக் குரல் கொடுங்கள் என்று கேட்டேன். இனி வேறு ஆள்தான் கூற வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு செபமாவது எடுத்துக்கொள்ளலாமே என்றார் மதினி.

"சாமிட்டப் பேசத் தொண்ட எதுக்கு?" என்றார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மறுபடியும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காத முத்துப்பாண்டி ரோட்டில் நிற்பதற்காக மட்டும் வந்தார். குவைத்தில் இருக்கும் மகளுக்கு, மண்டி ஆட்களுக்கு, மதினியின் கொழுந்தன் பெனடிக்ட் வந்தால் விசாரிக்க, பஸ்ஸில் இடம் கேட்க என்று எடுத்துக்கொண்டே போனோம். குரல் நைந்து நைந்து வந்தது. இடைவெளி விட்டு விட்டு எடுத்தேன். இரண்டு நாளும் கம்ப்யூட்டர் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, ஒரு எழுத்தையும் தின்னவில்லை. கடைசியாக அண்ணன் வேறு என்ன என்பது போல மதினியைப் பார்த்தார். போதும் என்றார் மதினி. அண்ணன் மைக்கை விட்டு நகராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சரி என்றார். அந்தச் சரியும் பதிவில் இருக்கிறது.

அவர்கள் போன பிறகு கம்ப்யூட்டரின் மேல் கையை வைத்தேன். காய்ச்சல் கண்ட நெற்றி மாதிரிச் சுட்டது. வெள்ளிக்கிழமை அடித்த அதே இடத்தைத் தடவிக் கொடுத்தேன். யாராவது பார்த்திருந்தால் கிறுக்கி என்றிருப்பார்கள். அதனால் என்ன, எனக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம் பொங்கியது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. எஸ்தர் லீவில் வந்து எல்லா வாக்கியங்களையும் போனில் ஏற்றி, பொத்தானுக்குப் பொத்தான் படம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று மதினி போனில் சொன்னார். மண்டியில் ஏலம் கூற வேறு ஆள் வந்துவிட்டான். அவன் குரல் என் தெருவரைக்கும் கூட வருவதில்லை. என் விளம்பரங்கள் சுத்தமாக விழுந்தன. காலை நேரத்தில் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் மெலிந்திருந்தார், கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தது. ஆனால் இந்த முறை நடுவில் நிற்காமல் படியேறினார், தோளில் ஒரு செவ்வாழைத் தாருடன். பழுத்து மணத்தது. கீழே முத்துப்பாண்டிக்கு ஒரு தார் இறக்கி வைத்துவிட்டு வந்தார்களாம். எதற்கு இதெல்லாம் என்று நான் சம்பிரதாயமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணன் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார்.

ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. நானும் மதினியும் பேச்சை நிறுத்தினோம். அவர் விரலால் திரையை மேலே தள்ளினார். கீழே தள்ளினார். முழுசும் போய்விட்டு மறுபடி முதலில் இருந்து வந்தார். என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். மதினிக்குத்தான் முதலில் புரிந்தது.

"நன்றின்னு ஒண்ணு நம்ம எடுக்கவே இல்லையே, சொர்ணம்," என்றார்.

ஆமாம், எடுக்கவில்லை. இரண்டு நாள் மூன்று பேர் உட்கார்ந்து, ஒரு மனிதனுக்கு மிச்ச வாழ்நாள் முழுக்க என்னென்ன பேச்சுத் தேவைப்படும் என்று தேடித் தேடி எடுத்தோம். நாய்க்கு எடுத்தோம், உப்புக்கு எடுத்தோம். இது ஒருவர் நினைவிலும் வரவில்லை. எங்கள் வீடுகளில் யார் யாருக்கு அதைச் சொல்கிறோம்? நான் தினமும் சொல்கிறேன், ஆனால் விளம்பரத்தின் கடைசியில், ஜவுளிக்கடைக்காரர் சார்பில். தண்ணீர் கொண்டுவந்து தந்த மனுஷிக்கு அண்ணன் அதைச் சொல்லியிருந்தால் மதினி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

அண்ணே, எதுவும் சொல்ல வேண்டாம், விடுங்கள் என்றேன். அவர் பொறு என்று கையைக் காட்டினார். மறுபடி திரையை மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். போனை என் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு தொட்டார்.

"எஸ்தரு, சாப்டியாத்தா?"

அறை முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. மகள் குவைத்தில் இருந்து கூப்பிடும்போது கேட்பதற்காக எடுத்தது அது. என் பெயரை நாங்கள் எடுத்திருக்கவில்லை. அவர் போனைத் தாழ்த்தாமல் என் முகத்தையே பார்த்தார், பதிலுக்காக. நான் அவரை ஒரு நாளும் அண்ணே என்பதைத் தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டதில்லை.

"சாப்ட்டேம்ப்பா," என்றேன்.

அவர் நம்பவில்லை. தாரில் இருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, என் கையில் வைத்தார். தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.